க்ளூவைன்: கொதிக்க விடாமல் செய்ய வேண்டிய ஜெர்மன் சூடு ஒயின்

நவம்பர் கடைசி வாரத்தில் ஜெர்மனியின் நகரச் சதுக்கங்களில் மரக் கடைகள் எழும்பத் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் வரை அங்கே தினமும் சந்தைதான். ட்ரெஸ்டன் நகரத்துச் சந்தை பற்றி 1434-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே குறிப்பு இருக்கிறது. நியூரம்பெர்க் சந்தைக்கு 1628-இலிருந்து சான்று உண்டு. இந்தச் சந்தைகளில் எந்தப் பக்கம் போனாலும் பட்டையும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் கலந்த ஒரு வாசனை மூக்கைத் தொடும். சிறு வட்டமேசைகளைச் சுற்றி நின்றபடி, இரண்டு கைகளாலும் கோப்பையைப் பொத்திப் பிடித்து, ஆவி பறக்க எதையோ குடித்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் க்ளூவைன்.

சொல்லப்போனால் விஷயம் எளிமையானது. சிவப்பு ஒயினில் சர்க்கரையும் வாசனைப் பொருட்களும் ஆரஞ்சும் சேர்த்துச் சூடாக்கிக் குடிப்பது, அவ்வளவுதான். பொருட்கள் பத்தைத் தாண்டாது. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். ஆனாலும் வீட்டில் முதல் தடவை செய்பவர்களில் பலருக்குக் கசப்பாக, மருந்து வாடையோடுதான் வரும். காரணம் ஒன்றே ஒன்று: கொதிக்க விடுகிறார்கள்.

வாசனைப் பொருள் என்றாலே போட்டுக் கொதிக்க வைத்துச் சாறு இறக்குவது நம் கைப்பழக்கம். கசாயம் என்றால் நான்கு பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்ற வைப்போம். அந்தப் பழக்கத்தை அடுப்படிக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். க்ளூவைன் காய்ச்சும் பானம் இல்லை, ஊற வைக்கும் பானம். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

ஏன் கொதிக்கக் கூடாது? முதலாவது, ஆல்கஹால். தூய ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஒயினில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது கொதிக்க இன்னும் அதிகச் சூடு வேண்டும். ஆனால் ஒயின் கொதிநிலையை எட்டும் முன்பே ஆல்கஹால் ஆவியாக வெளியேறிக்கொண்டிருக்கும். இரண்டாவது காரணம்தான் என்னைப் பொறுத்தவரை பெரியது. ஒயினின் பழ வாசனை முழுவதும் மிக லேசாக ஆவியாகக்கூடிய சேர்மங்களில் இருக்கிறது. கொதிக்க விட்டால் வீடு முழுக்க அருமையாக மணக்கும். கோப்பையில் அந்த மணம் இருக்காது. அடுத்து, பட்டையும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலின் உள்பக்க வெள்ளைப் பகுதியும் அதிகச் சூட்டில் கசப்பையும் துவர்ப்பையும் விட ஆரம்பிக்கும். மணம் போய்க் கசப்பு மட்டும் தங்கிவிடும். சர்க்கரையைக் கூட்டி அதை மறைக்கப் பார்த்தால் தித்திப்பான கசப்புத்தான் மிஞ்சும்.

அதனால் 70 டிகிரியைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் 80-ஐத் தாண்ட வேண்டாம். சமையல் தெர்மோமீட்டர் இருந்தால் கவலையே இல்லை. இல்லாவிட்டால் பாத்திரத்தின் பக்கத்திலேயே நில்லுங்கள். அடுப்பைச் சிம்மில் வைத்த சில நிமிடங்களில் ஒயினின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பும். அப்புறம் பரப்பு லேசாக நடுங்குவது தெரியும். பாத்திரத்தின் ஓரத்தில், விளிம்பை ஒட்டி, கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் எல்லை. அந்தக் குமிழிகள் மேலே எழும்பி உடையத் தொடங்கும் முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். மூடி போடுங்கள். உள்ளே இருக்கும் சூடே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

சரி, ஒயினுக்கு வருவோம். இதில் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. எப்படியும் சர்க்கரையும் மசாலாவும் போடப் போகிறோம், இருப்பதிலேயே மலிவானது போதும் என்பது ஒன்று. நல்லதாகச் செய்ய வேண்டும், விலை உயர்ந்ததாக வாங்குவோம் என்பது இன்னொன்று. மோசமான ஒயினைச் சூடாக்கினால் அதன் குறை இன்னும் தூக்கலாகத் தெரியும். விலை கூடிய ஒயினின் நுட்பமெல்லாம் கிராம்பின் முன்னால் காணாமல் போய்விடும், காசுதான் வீண். நடுத்தர விலையில், அப்படியே ஊற்றிக் குடித்தாலும் பிடிக்கும் ஒரு சிவப்பு ஒயின்தான் இதற்குச் சரி. இனிப்பில்லாத உலர் ரகம் வேண்டும். பழச்சுவை தூக்கலாக, துவர்ப்பு குறைவாக இருக்க வேண்டும். ஓக் மரப் பீப்பாயில் நாள்பட வைத்தது வேண்டாம். அந்த மர வாசனை சூட்டில் பட்டையோடும் கிராம்போடும் மோதும்.

ஜெர்மன்காரர்கள் இதற்கு டோர்ன்ஃபெல்டர் திராட்சையை விரும்புவார்கள். கருஞ்சிவப்பு நிறம், செர்ரிப் பழத்தை நினைவூட்டும் சுவை, அதிகம் துவர்க்காது. பழமையானதாகத் தோன்றினாலும் இது 1955-இல் வைன்ஸ்பெர்க் ஊரில் ஆகுஸ்ட் ஹெரோல்ட் என்பவர் கலப்பினமாக உருவாக்கிய ரகம். ஷ்பேட்புர்குண்டர், ட்ரோலிங்கர், போர்ட்டுகீசர் ஆகியவையும் பொருந்தும். ஜெர்மன் ஒயின் கிடைக்காத இடத்தில் மெர்லோ வாங்கலாம். காபர்னே சோவின்யோன் துவர்ப்பு அதிகம், இதற்கு நான் எடுக்க மாட்டேன்.

வாசனைப் பொருட்களில் முதலிடம் பட்டைக்கு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடைகளில் பட்டை என்ற பெயரில் விற்பது இரண்டு வெவ்வேறு மரங்களின் தோல். ஒன்று இலங்கையிலிருந்து வரும் கறுவா, அதாவது சிலோன் பட்டை. மற்றது காசியா. கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். சிலோன் பட்டையில் காகிதத் தடிமனில் பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், நிறம் வெளிறிய பழுப்பு, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். காசியா ஒரே தடித்த தோல், நிறம் கருமை, உடைக்கப் பலம் வேண்டும். நம் மளிகைக் கடைகளில் பிரியாணிக்கென்று கிடைக்கும் முரட்டுப் பட்டை பெரும்பாலும் காசியாதான். அதன் காரம் பிரியாணிக்கு அழகு. க்ளூவைனில் அது மற்ற எல்லா மணத்தையும் அமுக்கிவிடும். சிலோன் பட்டையின் மணம் மென்மையானது, லேசான இனிப்பு கலந்தது, ஆரஞ்சோடு நன்றாகச் சேரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. காசியாவில் கூமரின் என்ற சேர்மம் அதிகம். அது அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக் கூடியது. சிலோன் பட்டையில் அது மிக மிகக் குறைவு. 2006-இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுகளில் இருக்கும் காசியா பற்றி எச்சரித்தபோது அந்நாட்டில் இது பெரிய பேச்சானது. எப்போதோ ஒரு கோப்பை குடிப்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சுவைக்காகவே சிலோன் பட்டை வாங்கலாம் என்பேன்.

கிராம்பில் கை தாராளமாக இருக்கக் கூடாது. அதிலுள்ள யூஜினால் என்ற சேர்மம் பல் மருத்துவர் அறையை நினைவுபடுத்தும் அதே வாசனைதான்; ஆல்கஹாலில் அது வெகு சீக்கிரம் இறங்கிவிடும். ஒரு பாட்டிலுக்கு நான்கு கிராம்பு போதும். அன்னாசிப்பூ ஒன்று போதும். ஏலக்காய் இரண்டைத் தட்டிப் போடுவது விருப்பம், எனக்குப் பிடிக்கும். ஜாதிக்காய், இஞ்சி, வெனிலா என்று ஆளுக்கொரு பழக்கம் உண்டு. எதைப் போட்டாலும் முழுசாகத்தான் போட வேண்டும், பொடியாகப் போடவே கூடாது. பொடியைப் போட்டால் ஒயின் கலங்கும், நாக்கில் மண் போல உறுத்தும், வடிகட்டினாலும் முழுதாகப் போகாது.

ஆரஞ்சில் நமக்கு வேண்டியது மேல்தோலின் நிறமுள்ள பகுதியும் சாறும். வாசனை எண்ணெய் மேல்தோலில்தான் இருக்கிறது. கடைப் பழங்களில் பெரும்பாலும் மெழுகும் பூச்சிமருந்தும் பூசியிருப்பார்கள், அது நேராக ஒயினுக்குள் இறங்கும். அதனால் தோலுக்கு எதுவும் தெளிக்காத பழமாகக் கேட்டு வாங்கி, வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டு, தோல் சீவியால் அகலமான துண்டுகளாகச் சீவுங்கள். உள்பக்கம் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் கத்தியால் வழித்துவிடுங்கள். பல படங்களில் ஆரஞ்சு வட்டங்கள் அழகாக ஒயினில் மிதக்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த வட்டங்களோடு வெள்ளைப் பகுதியும் சேர்ந்துதான் ஊறுகிறது. மிதக்கவிட ஆசையென்றால் பரிமாறும்போது கோப்பையில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளலாம்.

இனி செய்முறை. நான்கு கோப்பைக்கான அளவு சொல்கிறேன்: 750 மில்லி சிவப்பு ஒயின், ஒரு ஆரஞ்சு, சிறிது எலுமிச்சைத் தோல், ஒரு விரல் நீளச் சிலோன் பட்டை, நான்கு கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, விரும்பினால் இரண்டு ஏலக்காய், 60 கிராம் சர்க்கரை. பாத்திரம் எவர்சில்வரோ எனாமலோ இருக்கட்டும். அலுமினியம் வேண்டாம், ஒயினின் புளிப்பு அதோடு சேர்ந்தால் உலோகச் சுவை ஏறும்.

சீவிய ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டை எடுத்து நான்கு கிராம்பையும் அதிலேயே குத்தி வையுங்கள். பிறகு எடுத்துப் போட வேண்டும் என்றால் ஒரே பிடியில் எடுத்துவிடலாம், பாத்திரத்துக்குள் கரண்டி விட்டுத் துழாவ வேண்டாம். அடுத்து ஆரஞ்சுச் சாற்றைப் பிழிந்து, சர்க்கரை, பட்டை, அன்னாசிப்பூ, ஏலக்காய் ஆகியவற்றோடு அடுப்பில் வையுங்கள். இன்னும் ஒயின் ஊற்றவில்லை என்பதால் இது லேசாகக் கொதித்தால் பரவாயில்லை. கிளறிக்கொண்டே ஐந்து நிமிடம் விட்டால் சர்க்கரை கரைந்து, சாறு பளபளவென்று கொஞ்சம் கெட்டியாகும், பட்டை வாசனை மேலே வரும். மசாலாவுக்கு வேண்டிய சூட்டை இந்தக் கட்டத்திலேயே கொடுத்துவிட்டால் ஒயினைத் துன்புறுத்த வேண்டிய அவசியமே இருக்காது.

இப்போது ஒயினை ஊற்றி, கிராம்பு குத்திய தோலையும் மற்ற தோல்களையும் போட்டு, சிம்மில் வைத்து, முன்னே சொன்ன அந்த ஓரக் குமிழிகளுக்காகக் காத்திருங்கள். வந்ததும் அணைத்து மூடிவிட்டு அரை மணி நேரம் தொடாதீர்கள். இடையில் பதினைந்து நிமிடம் ஆனதும் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். கிராம்பு முந்திக்கொண்டு வருகிறது என்று தோன்றினால் அந்தத் தோலை மட்டும் எடுத்துவிடுங்கள். அரை மணி கழித்து வடிகட்டி, இனிப்பு பார்த்து, மறுபடி இளஞ்சூட்டில் 70 டிகிரி வரை கொண்டுபோய்ப் பரிமாறலாம். கோப்பைகளில் முதலிலேயே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்தால் பானம் சீக்கிரம் ஆறாது.

சர்க்கரை விஷயத்தில் என் கருத்து, குறைவாகத் தொடங்குவதுதான் நல்லது. சந்தைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் திகட்டும். பல கடைகளில் ஆயத்தமாக வரும் பானத்தைப் பெரிய தொட்டியில் ஊற்றி நாள் முழுக்கச் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். அந்த நீண்ட சூட்டின் சுவையை இனிப்புத்தான் தாங்கிப் பிடிக்கிறது. வீட்டில் அப்போதைக்கப்போது செய்வதில் அந்தத் தேவை இல்லை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்ப்பவர்களும் உண்டு. தேனை அடுப்பை அணைத்த பிறகு கலக்க வேண்டும்.

ஒயினில் மசாலா சேர்ப்பது ஜெர்மனியில் பிறந்த யோசனை அல்ல. ரோமானியர்கள் தேன், மிளகு, குங்குமப்பூ, பேரீச்சங்கொட்டை எல்லாம் சேர்த்து ஒரு ஒயின் செய்தார்கள். அவர்கள் கப்பல்கள் மிளகு ஏற்றிப்போனது சேரர்களின் முசிறித் துறைமுகத்திலிருந்து. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை நம் சங்கப் புலவர்களும் பாடியிருக்கிறார்கள். இடைக்கால ஐரோப்பாவில் இத்தகைய ஒயின் பணக்காரர் மேசைக்குரியதாக இருந்தது, மசாலாவின் விலை அப்படி. ஜெர்மனியில் இப்போது தெரிந்திருக்கும் பழைய செய்முறைகளில் ஒன்று, ட்ரெஸ்டனுக்குப் பக்கத்தில் ராடபோய்ல் ஊரில் வாழ்ந்த வாக்கர்பார்ட் பிரபு 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதி வைத்தது. அதில் வியப்பு என்னவென்றால், அவர் எடுத்தது வெள்ளை ஒயின். பட்டை, இஞ்சி, சோம்பு, ஏலக்காய், குங்குமப்பூ என்று அடுக்கியிருக்கிறார். இன்றும் ட்ரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் வெள்ளை க்ளூவைனுக்குத் தனி மதிப்பு உண்டு. இந்த முறையில் நீங்கள் செய்ய நினைத்தால் கிராம்பைக் குறைத்து இஞ்சியைக் கூட்டுங்கள்.

பாட்டிலில் அடைத்து விற்கும் பழக்கம் 1956-இல் அவுக்ஸ்பூர்க் நகரில் ருடால்ஃப் குன்ஸ்மன் என்பவரால் தொடங்கியது. ஒயினில் சர்க்கரை சேர்த்தது அன்றைய ஒயின் சட்டத்துக்கு விரோதம் என்று அவருக்கு அபராதம் போட்டார்கள். இன்று நிலைமை தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியச் சட்டமே க்ளூவைன் என்றால் என்ன என்று வரையறுக்கிறது: ஒயினிலிருந்து மட்டுமே செய்ய வேண்டும், முதன்மை மணம் பட்டையோ கிராம்போ இரண்டுமோ தர வேண்டும், ஆல்கஹால் 7 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இனிப்பு சேர்க்கும்போது வருவது தவிரத் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கடையில் வாங்கும் பாட்டிலில் இந்தப் பெயர் இருந்தால் இவ்வளவும் உறுதி. வீட்டுச் சமையலறைக்கு இந்தச் சட்டம் வராது என்றாலும், தண்ணீர் கலக்காதே என்பது நல்ல அறிவுரை.

இதன் உறவுக்காரர்கள் பலர். நியூரம்பெர்க் பக்கம் புளூபெர்ரி ஒயினில் செய்வார்கள். ரம் அல்லது அமரெட்டோ என்ற பாதாம் மண மது ஒரு வாய் அளவு மேலே ஊற்றிக் குடிப்பது சந்தைகளில் சகஜம். ஃபாயர்சாங்கன்போவ்லே என்பது இன்னும் வேடிக்கை: சூடான பாத்திரத்தின் மேல் கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியை இடுக்கியில் வைத்து, 54 சதவீத ஆல்கஹால் உள்ள ரம்மை ஊற்றித் தீ வைப்பார்கள், சர்க்கரை எரிந்து உருகி ஒயினுக்குள் சொட்டும். புதிதாகச் செய்பவர்கள் வீட்டுக்குள் இதை முயல வேண்டாம். எரியும் சர்க்கரைக் கட்டியின் மேல் பாட்டிலிலிருந்து நேராக ரம் ஊற்றினால் தீ பாட்டிலுக்கே ஏறிவிடும்.

குழந்தைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் கிண்டர்புன்ஷ் இருக்கிறது. சிவப்புத் திராட்சைச் சாறும் ஆப்பிள் சாறும் சம அளவு, அதோடு ஆறவைத்த செம்பருத்தித் தேநீர் கொஞ்சம், மசாலா அதே அளவு. சாறுகளிலேயே இனிப்பு இருப்பதால் சர்க்கரை தேவைப்படாது, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்தால் புளிப்பு சரியாகிவிடும். இதில் ஆல்கஹால் போய்விடும் என்ற கவலை இல்லை, ஆனாலும் கொதிக்க விடாமல் செய்தால்தான் பழ வாசனை நிற்கும்.

குடிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. சூடும் இனிப்பும் சேர்ந்து ஆல்கஹாலின் கடுமையை மறைத்துவிடும், பழச்சாறு போல இறங்கும். கொதிக்க விடாமல் கவனமாகச் செய்ததில் ஒயினின் ஆல்கஹால் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. உடம்பு சூடாவது போலத் தோன்றுவதும் பாதி தோற்றமே: ஆல்கஹால் தோலருகே உள்ள இரத்தக் குழாய்களை விரிப்பதால் கதகதப்பு உணர்வு வருகிறது, அதே நேரம் உடம்பின் சூடு வெளியே போகிறது. பனியில் நெடுநேரம் நிற்பவர்கள் இதை நம்பி ஸ்வெட்டரைக் கழற்றக் கூடாது. வண்டி ஓட்டுபவர் அன்றைக்குக் கிண்டர்புன்ஷ் பக்கம் நிற்க வேண்டும்.

மீதமானால் வடிகட்டி, ஆறவைத்து, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். மசாலாவையும் தோலையும் உள்ளேயே விட்டு வைத்தால் மறுநாள் கசப்புத்தான் கிடைக்கும். மறுபடி சூடாக்குவது ஒரு தடவையோடு நிற்கட்டும், அதுவும் குடிக்கப் போகும் அளவை மட்டும். அதற்கும் மேல் மிஞ்சியிருந்தால் ஜெர்மன் வீடுகளில் சிவப்பு முட்டைக்கோஸ் வேகவைக்கும்போது தண்ணீருக்குப் பதிலாக ஊற்றிவிடுவார்கள். ஆப்பிள் துண்டுகளும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து மெதுவாக வேகவிட்டால், வறுத்த இறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் பக்கத்தில் வைக்க அருமையான கூட்டு. ஒயின் கொதித்தே ஆக வேண்டிய சமையல் அது.